இரவுக்குப் பத்துப் பக்கம்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. கணக்கு வழக்கு என் பொறுப்பு. இரவு எல்லா வேலையும் ஓய்ந்த பிறகு பத்துப் பக்கம் படித்தால் அதிகம். அதிலும் ஒரே புத்தகமாகப் படிப்பதில்லை. இப்போது தலைமாட்டில் ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகம், உரையோடு புறநானூறு, மரங்களைப் பற்றி ஒரு நூல், பத்து மாதமாக நகராத ஒரு தத்துவ நூல் என நான்கு கிடக்கின்றன. ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. நூலகத்தில் எடுத்தால் தவணைக்குள் முடிவதில்லை. என் நாத்தனார் மகள் போன வருடம் நூறு புத்தகம் படித்ததாகப் பட்டியல் காட்டி, “அத்தை, இன்னுமா அதையே படிக்கிறீர்கள்?” என்றாள். நான் செய்வது வாசிப்புதானா? வேகமாகப் படிக்கப் பயிற்சி எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, சேலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சி எதுவும் வேண்டாம். நீங்கள் செய்வது வாசிப்புதான்.

முதலில் அந்த ஒன்றரை வருடத்தைப் பார்ப்போம். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. முதன்முதலில் அதைப் படித்தவர்களுக்கு முடிவு தெரிய மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அத்தியாயத்தின் கடைசி வரியில் நம்மைத் தவிக்கவிட்டு நிறுத்துகிற உத்தி, ஒரு வாரக் காத்திருப்பை மனத்தில் வைத்து அமைத்தது. இரண்டு இரவு தள்ளித்தான் அடுத்த அத்தியாயம் என்று படிக்கிற உங்களுக்கு அந்தத் தவிப்பு கிடைக்கிறது. ஒரே வாரத்தில் ஐந்து பாகத்தையும் முடிப்பவருக்கு அது கிடைப்பது கடினம்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். இளம் வயதில் நிறையப் படிப்பது நல்லது, படிக்கட்டும். பட்டியலைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கவலைதான். எண்ணிக்கை முக்கியமாகிவிட்டால் கை தானாகவே சின்னப் புத்தகத்தைத் தேடும். பெரிய புத்தகமும் கடினமான புத்தகமும் அலமாரியிலேயே நின்றுவிடும்.

நான்கு வகை நூலை ஒன்றாக வைத்துக்கொள்வது உங்கள் பலம் என்றே சொல்வேன். உங்கள் தலைமாட்டிலிருந்தே ஓர் உதாரணம். புறநானூற்றின் 91ஆம் பாட்டில், தனக்கு நெல்லிக்கனி தந்த அதியமானை ஔவையார் வாழ்த்துகிறார். அந்த அதியமானின் தகடூர்தான் நமக்குப் பக்கத்தில் இருக்கும் தர்மபுரி. பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியிலிருந்து கொண்டுவந்த கனி என்கிறது பாட்டு. சிறிய இலை கொண்ட நெல்லி என்கிறது. அவசரமாகப் படிப்பவர் அரசன் கனி கொடுத்த கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீங்கள் அதே இரவில் மர நூலில் நெல்லியின் பக்கத்தைத் திருப்புங்கள். மெல்லிய குச்சியின் இரு பக்கமும், புளிய இலையைப் போல, பொடிப் பொடியாக இலைகள் வரிசை கட்டியிருக்கும். காய் காம்பே இல்லாததுபோலக் கிளையை ஒட்டித் திரண்டிருக்கும். ஏற்காட்டு மலைச் சரிவிலும் இந்த மரம் உண்டு. அடுத்த முறை போகும்போது ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஔவையார் மரத்தடியில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டே பாடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு நூலும் அருகருகே இருந்ததால்தான் இது கண்ணில் படும்.

எண்ணிக்கையைப் பற்றி நம் ஊர்க்காரர் ஒருவரே ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியல் சொன்னார் ஐயர். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்தச் சமணக் காப்பியத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பின்னர் முதலியாரே அதன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பழகிய தமிழ்தான் என்றாலும் பொருள் பிடிபடவில்லை. சமண மரபு தெரியாமல் நகர முடியாத இடங்கள் ஏராளம். கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேற்கோள் காட்டும் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடப் போய், வேறு சுவடிகளுக்குள் நுழைந்தார். சிந்தாமணி அச்சானது 1887இல். நீங்கள் படிக்கிற புறநானூறு 1894இல் அவர் கையால் பதிப்பானது. ஒரே ஒரு நூலில் நெடுநாள் தங்கியவர்தான் இத்தனை நூல்களுக்கு வழி கண்டார்.

இனி, கைக்கு உதவும் சில விஷயங்கள். இரண்டு நாவல்களை ஒரே சமயத்தில் தொடங்காதீர்கள், பாத்திரங்கள் குழம்பும். நாவல் ஒன்று, பாட்டு ஒன்று, தகவல் நூல் ஒன்று என்றால் குழப்பம் வராது. நாவலை மூடும்போது, பட்டறையில் வீணாகும் ரசீதுத் தாளின் பின்புறம் ஒரு வரி எழுதிச் செருகிவையுங்கள்: வந்தியத்தேவன் இப்போது எங்கே இருக்கிறான், யாரிடம் ஓலை இருக்கிறது, அவ்வளவு போதும். பத்து நாள் இடைவெளி விழுந்தாலும் கதை அறுந்துபோகாது. பாட்டுக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். ஓர் இரவுக்கு ஒரு பாட்டு. முதலில் உரையைப் பார்க்காமல் வாய்விட்டு ஒரு முறை, உரையோடு ஒரு முறை.

நூலகத் தவணைக்காகத் தயங்க வேண்டாம். புத்தகத்தை எடுத்துச் சென்று புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள். வேறு யாரும் கேட்டுக் காத்திருக்காவிட்டால் தருவார்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாட்டில், நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. உரிமையோடு கேட்கலாம்.

தத்துவ நூலை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். மெதுவாகப் படிப்பது வேறு, படிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. பத்து மாதம் நகராத நூல் மற்ற மூன்றின் மகிழ்ச்சியையும் குறைக்கும். என்றாவது அதில் உள்ள ஒரு கேள்வி உங்களை உறுத்தினால், அந்த இயலிலிருந்தே தொடங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலியான இடத்துக்கு, சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள். 1820களிலேயே அங்கே காப்பிச் செடி வந்துவிட்டது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறும் மிளகுக் கொடியும் உங்கள் மர நூலிலேயே இருக்கக்கூடும்.