மோக்டெசுமா காட்சிக்கு எவ்வளவு துணி வாங்குவது?

கேள்வி: 1519-ல் மெக்சிகோவில் ஆஸ்டெக் பேரரசர் மோக்டெசுமாவும் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸும் சந்திக்கும் காட்சியைக் கல்லூரி விழாவில் நாடகமாகப் போடுகிறோம். ஆஸ்டெக் தரப்பில் பத்து ஆண்கள், நான்கு பெண்கள். இணையத்தில் தேடினால் எல்லாரும் இறகுக் கிரீடமும் சிறுத்தைப் புள்ளித் துணியுமாக நிற்கிறார்கள். உண்மையில் என்ன உடுத்தினார்கள்? தையல்காரரிடம் என்ன சொல்வது?

பதில்: சிறுத்தைப் புள்ளித் துணியை வாங்க வேண்டாம். ஜாகுவார் (சிறுத்தை போன்ற அமெரிக்க விலங்கு) உடை என்பது போரில் நான்கு எதிரிகளை உயிரோடு பிடித்த வீரனுக்குக் கிடைக்கும் சீருடை. 1540களில் வரையப்பட்டு இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் மெண்டோசா ஏடு என்ற ஓவியச் சுவடியில் ஒருவர், இருவர், மூவர் என்று பிடித்த கைதிக்கு ஏற்ப உடை மாறுவதைப் படிப்படியாகப் பார்க்கலாம். நீங்கள் போடுவது வரவேற்புக் காட்சி. போருடைக்கு அங்கே வேலையில்லை.

தையல்காரருக்கும் பெரிய வேலையில்லை. ஆஸ்டெக் பெண்கள் நெய்தது இடுப்புத் தறியில். தறியின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை வாரால் இடுப்போடு பிணைத்துக்கொண்டு நெய்வார்கள். நான்கு ஓரமும் பிரியாத முழுத் துணியாக அது இறங்கும். அதை வெட்டவே மாட்டார்கள். அகலம் கைக்கு எட்டும் அளவுதான் என்பதால் பெரிய துணி வேண்டுமென்றால் இரண்டு மூன்று பட்டைகளைப் பக்கத்தில் பக்கமாக இணைப்பார்கள். ஆகவே கழுத்துப்பட்டி, பொத்தான், கால்சட்டை எதுவும் கிடையாது. பட்டைகளின் இணைப்புத் தையல் வெளியே தெரிவது குறையல்ல, தெரிந்தால்தான் சரி. ஆளின் தகுதி நூலிலும் நீளத்திலும் கரை வேலைப்பாட்டிலும் தெரியும். உடையின் வடிவம் அரசனுக்கும் குடியானவனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

துணி வெளுக்காத காடா போதும். வாங்கியதும் கஞ்சி முழுவதும் போகும்வரை இரண்டு முறை அலசி உலர்த்துங்கள். சுருக்கம் முன்கூட்டியே விழுந்துவிடும். கஞ்சித் துணியில் முடிச்சும் நிற்காது. சாட்டின், பாலியஸ்டர் பக்கம் போகாதீர்கள்; மேடை வெளிச்சத்தில் பளபளக்கும், முடிச்சு நழுவும். கம்பளியும் பட்டும் அந்த நாட்டுக்கு ஸ்பானியர்களோடு வந்தவை.

ஆண்களின் அடிப்படை உடை மாஷ்த்லாத்ல் என்ற நீண்ட கோவணம். 48 அங்குலப் பன்னா காடாவில் 4 மீட்டர் எடுத்து, நீளவாக்கில் 12 அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் நான்கு பேருக்கு ஆகும். கிழிப்பதுதான் நல்லது, கத்தரியில் கோணலாகிவிடும். பத்துப் பேருக்கு 12 மீட்டர். ஓரங்களைச் சன்னமாக மடித்துத் தைத்துவிடுங்கள். கட்டுவது இப்படி: ஒரு முனையை முன்னால் தொடைவரை தொங்கவிட்டு, மீதியைக் கால்களுக்கிடையே பின்னால் கொண்டுபோய், இடுப்பை முழுதாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, தொங்கும் முனையோடு சேர்த்துப் பெரிய முடிச்சாகப் போடவேண்டும். இரண்டு முனைகளும் முன்பக்கம் தொங்கும். ஏடுகளில் ஆஸ்டெக் ஆண்களை அடையாளம் காட்டுவதே இந்த முன்முடிச்சுதான். உள்ளே தோல்நிற அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளலாம்.

அதற்கு மேலே தில்மாத்லி என்ற போர்வை. நீள்சதுரத் துணி. முதுகையும் இடத்தோளையும் மூடி, மேல் ஓரத்தின் இரண்டு மூலைகளையும் வலத்தோளில் முடிவார்கள். கழுத்துக்கு முன்னால் முடிவதும் உண்டு. ஊக்கு, புரூச் வேண்டாம், ரோமானிய நாடகம் போலாகிவிடும். ஒத்திகையில் முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தால், நடிகர் மீது ஒருமுறை சரியாக முடிந்து, முடிச்சுக்குள் நாலு தையல் போட்டுவிட்டு, பிறகு தலைவழியாக மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீளத்தில் கவனம் வேண்டும். குடிமக்கள் பருத்தி உடுத்தக்கூடாது, போர்வை முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று முதலாம் மோக்டெசுமா (1440–1469; உங்கள் காட்சியில் வருபவர் இரண்டாம் மோக்டெசுமா) சட்டம் போட்டதாக டுரான் என்ற ஸ்பானியத் துறவி எழுதியிருக்கிறார். போரில் காலில் காயம்பட்டவனுக்கு மட்டும் விலக்கு, தழும்பை மறைத்துக்கொள்ளலாம். சட்டம் இருந்தபடியே நடந்ததா என்பது வேறு விஷயம். பருத்தித் துணி சந்தையிலேயே விற்றது, மெக்சிகோவின் மொரேலோஸ் பகுதிக் கிராம வீடுகளிலும் பருத்தி நூற்ற தக்களிக் குண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மேடைக்கு அந்தச் சட்டம் வசதியானது, ஆளின் அந்தஸ்து தூரத்திலிருந்தே தெரியும். வேறு காட்சியில் குடியானவர் வந்தால் 36 அங்குலப் பன்னாவில் ஒன்றரை மீட்டர், தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழுப்பாக்கியது. அவர்கள் உடுத்தியது ஆனைக் கற்றாழை இன நார்த் துணி. அதற்காகக் கோணிச் சாக்கைக் கட்டிவிடாதீர்கள், அந்த நாரிலும் நல்ல மெல்லிய துணி நெய்தார்கள்.

உங்கள் காட்சியில் வருகிற ஆண்கள் எல்லாரும் பிரபுக்கள். இருநூறு பேர் தெருவின் இருபுறமும் வரிசையாக, வெறுங்காலோடு வந்தார்கள் என்று கோர்ட்டெஸ் தன் கடிதத்தில் எழுதுகிறார். நடுவில் மோக்டெசுமா, இருபக்கமும் இரண்டு பெருந்தலைவர்கள். மூவருக்கும் ஒரே மாதிரி உடை. மோக்டெசுமாவின் காலில் மட்டும் செருப்பு. இதைவிட நல்ல மேடைக் குறிப்பு கிடைக்காது. ஒன்பது பேரையும் வெறுங்காலில் நிறுத்துங்கள். மோக்டெசுமாவுக்குக் குதிகால் பக்கம் மட்டை வைத்த, முன்னால் வாரால் கட்டுகிற தட்டைச் செருப்பு.

அந்த மூவருக்கும் 54 அங்குலப் பன்னாவில் ஆளுக்கு 2 மீட்டர், கணுக்கால்வரை. மற்ற ஏழு பேருக்கு 48 அங்குலத்தில் 1.6 மீட்டர் வீதம் சுமார் 11 மீட்டர். மூவரின் அரச போர்வையும் நீலம், அதில் வைரக்கட்ட வலையும் கட்டத்துக்கு ஒரு புள்ளியும். ஆஸ்டெக்குகளின் நட்பு நகரமான டெஸ்கோக்கோவின் அரசர் நெசவால்பில்லி ஓர் ஏட்டில் இந்த வகைப் போர்வையில்தான் நிற்கிறார். துணியை முடிந்து சாயமிட்டு இந்தப் புள்ளிகளை எடுத்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியானால் மதுரைச் சுங்குடிக்காரரிடம் வெற்று நீலத்தில் வெள்ளைப் புள்ளி மட்டும் வைத்துத் தரச் சொல்லலாம். புள்ளிகளைச் சுற்றிக் கட்டங்களைத் துணி வண்ணத்தால் வரைந்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கு வெள்ளைப் போர்வை, நான்கு விரல் அகலச் சிவப்புக் கரை, கரையில் கண் போன்ற வெள்ளை வளையங்கள். இந்தக் கண்கரை மேன்மக்கள் துணிகளில் நிறைய வரும். அவர்களின் சிவப்பு சப்பாத்திக் கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. (18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டது இந்தச் சாயத்துக்காகத்தான்.) ஆகவே கிளி மூக்குச் சிவப்பு வேண்டாம், கருஞ்சிவப்பாக எடுங்கள்.

தலைக்கு இறகுக் கிரீடம் வேண்டாம். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் பச்சை இறகுக் கிரீடத்தை மோக்டெசுமாவினுடையது என்பார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. ஏடுகளில் அரசன் அணிவது நெற்றியில் கூம்பி நிற்கும் நீலக்கல் பட்டம். கெட்டி அட்டையில் முன்பக்கம் 12 செ.மீ. உயரமாகவும் பக்கங்களில் சரிந்து குறுகுவதாகவும் வெட்டி, நீலப்பச்சைக் காகிதத் துண்டுகளை நெருக்கமாக ஒட்டி, பின்னால் சிவப்புத் துணியால் கட்டுங்கள். இறகு வாங்கிவிட்டீர்கள் என்றால் அதற்கும் இடமுண்டு: மோக்டெசுமாவின் தலைக்கு மேல் பச்சை இறகு விதானம் பிடித்து வந்ததாகக் கோர்ட்டெஸின் படைவீரர் பெர்னால் தியாஸ் எழுதியிருக்கிறார்.

பெண்களுக்குப் பாவாடையும் மேல்சட்டையும். பாவாடை (குவேய்த்ல்) 36 அங்குலப் பன்னாவில் 2.25 மீட்டர், இடுப்பைச் சுற்றி, மேலே நாலு விரல் அகலக் கச்சையால் இறுக்க வேண்டும். நாடா கோத்துச் சுருக்கினால் உருவமே மாறிவிடும். மேல்சட்டை (வீபில்லி) 1.8 மீட்டர். அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, மறுபடி நடுவில் இணையுங்கள். சரிபாதியில் 28 செ.மீ. மட்டும் தைக்காமல் விட்டால் அதுதான் கழுத்து. மடித்துப் பக்கங்களைத் தைக்கும்போது கைக்கு 24 செ.மீ. விடுங்கள். கழுத்துப் பிளவு முடியும் இடம்தான் முதலில் கிழியும். அங்கே நெஞ்சில் ஒரு சிவப்பு நீள்சதுரத் துண்டை வைத்துத் தையுங்கள். ஏட்டுப் படங்களிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. சட்டை பாவாடைக்கு வெளியே தொங்கவேண்டும். நால்வருக்கும் சேர்த்து 17 மீட்டர் ஆகும், கச்சைத் துணி தனி. முக்கோணமாகத் தோளில் விழும் கெச்கெமித்ல் என்ற மேலாடை அழகாக இருக்கும். ஆனால் ஆஸ்டெக் ஏடுகளில் அது தெய்வ உருவங்களுக்கும் சடங்குக்கும் உரியது. மணமான பெண்களின் கூந்தலை இரண்டாகப் பிரித்து முறுக்கி, முனைகள் நெற்றிக்கு மேல் சின்னக் கொம்புகளாக நிற்கும்படி கட்டுங்கள். நால்வரில் ஒருவரைக் கோர்ட்டெஸின் மொழிபெயர்ப்பாளர் மலின்ட்சினாக நிறுத்தலாம். ஏடுகளில் அவரும் வீபில்லியில்தான் இருக்கிறார், ஸ்பானிய கவுன் வேண்டாம்.

உட்காரும் முறையையும் ஒத்திகையில் பழக்குங்கள். ஆண்கள் முழங்கால்களை மடக்கி நிமிர்த்தி உட்கார்ந்து, போர்வையை முன்பக்கம் இழுத்துக் கால்கள் உட்பட மூடிக்கொள்வார்கள். பெண்கள் மண்டியிட்டு அமர்வார்கள். சம்மணம் போட்டால் போர்வை விலகி அரைக்கால் சட்டை தெரிந்துவிடும். கடைசியாக, 48 அங்குலக் காடா ஆறு மீட்டர் கூடுதலாக வாங்கிவையுங்கள். மோக்டெசுமாவின் பாதம் மண்ணில் படாமல் இருக்க முன்னால் போகிற பிரபுக்கள் தரையைக் கூட்டித் துணி விரித்துக்கொண்டே போனார்கள். மேடைத் தரை வழுக்கும் என்றால் அந்தத் துணியின் அடியில் ரப்பர் வலை விரிப்பு போட்டுவிடுங்கள்.