ஏரிக்கரை மனை வாங்கலாமா? வேலூர் வட்டாரத்துக் கேள்வி பதில்

கேள்வி (காட்பாடி): ஏரிக்குப் பக்கத்து மனை என்பதால் விலை கூடுதல் என்கிறார் தரகர். இது நியாயம்தானா?

பதில்: ஓரளவு நியாயமே. நம் பக்கத்தில் அந்தக் கூடுதல் விலை ஏரியின் அழகுக்காக அன்று, கிணற்றில் ஊறும் நீருக்காகவே கொடுக்கப்படுகிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊரில், ஏரி நிரம்பினால் சித்திரை வரை போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றாத தெருவும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவும் ஒரே விலைக்குப் போகமாட்டா. பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு மட்டும் இந்த ஊற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி (சத்துவாச்சாரி): கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வாங்குவது நல்லது?

பதில்: தொலைவைவிடத் திசையே முக்கியம். கரைக்கு வெளியே, ஏரிநீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு நிலத்தில் ஊற்று நன்றாக இருக்கும். ஆனால் நஞ்சை நிலத்துக் களிமண் என்பதால் கடைக்காலுக்குச் செலவு கூடும். ஏரி நிரம்பியதும் நீர் வழியும் கலங்கலுக்குக் கீழே, உபரிநீர் ஓடும் வழியில் வாங்கவே வேண்டாம். 2021 நவம்பர் மழையில் பாலாறு கரைபுரண்டு, ஏரிகள் பல நிரம்பி வழிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி (ஆற்காடு): மனை ஏரியின் உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பக்கம் உள்ளது. பட்டா இருக்கிறது, ஏரியும் பல ஆண்டுகளாக வறண்டுதான் கிடக்கிறது. வாங்கலாமா?

பதில்: பட்டா உரிமையைக் காட்டும், தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைக் காட்டாது. கிராம நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் அந்தப் புல எண்ணும் அதை ஒட்டிய எண்களும் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டையே அகற்ற நேரலாம். அடுத்து, சர்வேயரை அழைத்துக் கலங்கலின் மேல்மட்டத்திலிருந்து மனை வரை லெவல் (உயர வேறுபாடு) எடுக்கச் சொல்லுங்கள். மனை அதைவிடத் தாழ்வாக இருந்தால், ஏரி நிரம்பும் ஆண்டில் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வரும். மனையைச் சுற்றிக் கருவேல மரங்களும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் வண்டலும் தென்பட்டால், லெவல் எடுக்கும் முன்பே விடை பாதி தெரிந்துவிடும்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. வேறென்ன பார்ப்பது?

பதில்: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை. தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பாலாற்றுப் பகுதி இது. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரி, கொசுவையும் உப்பு நீரையும் தந்து மனையின் விலையைக் குறைக்கவே செய்யும். முன்பணம் கொடுக்கும் முன், பக்கத்து வீட்டுப் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.