கைமடிப் பையனும் என் மகனும்

கேள்வி:

எனக்கு வயது 45. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, 40 மெஷின். 1994இல் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, இதே ஊரில் கைமடியாக, அதாவது டைலருக்குக் கூடமாட உதவும் எடுபிடியாக, வேலைக்குச் சேர்ந்தவன் நான். இன்றைக்கும் வங்கியில் மேனேஜர் அறைக்குள் போனால், உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டேதான் இருப்பேன்.

என் மகன் அப்படி இல்லை. பெரிய பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையரிடம் தானாகப் போய்க் கை கொடுத்து, ஆங்கிலத்தில் பேசினான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே, டைலரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த கைமடிப் பையனைப் பார்த்து, "ஒழுங்கா படிச்சிருந்தா இவன் ஏம்ப்பா இங்க வரப்போறான்? சோம்பேறி" என்றான். நான் பேசாமல் வண்டியை எடுத்தேன்.

இன்னொன்று. பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவனை எடுக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அறையை விட்டு வரவில்லை. நான்தான் பள்ளியில் பேசிச் சேர்த்துவிட்டேன். வசதியாக வளர்த்ததே தப்போ? ஹாஸ்டலில் போட்டுக் கொஞ்சம் கஷ்டப்பட விடலாமா? மனைவியிடம் சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

– திருப்பூர் வாசகர்

பதில்:

நான் உங்கள் மனைவி கட்சி. ஹாஸ்டல் வேண்டாம்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து, 2013இல் வெளியான ஓர் ஆய்வு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன் என்றார்கள். அதற்கு முன்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். சொல்லி ஏமாற்றியவரிடம் 3 நிமிடம்தான். கேட்டது கிடைக்கும், பெரியவர்கள் கைவிட மாட்டார்கள் என்று பழகிய பிள்ளைக்கு உலகத்தின் மேல் ஒரு நம்பிக்கை வருகிறது. உங்கள் மகன் பையரிடம் கை நீட்டியது அந்தத் தெம்பில்தான். தனக்கு ஒரு நாற்காலி இருக்கும் என்று நினைத்து உள்ளே போகிறான். உங்களுக்கு அது வாய்க்கவில்லை. அதற்காக அவனுடையதைப் பிடுங்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு. எல்லோருக்கும் நாற்காலி போட்டிருக்கிறது என்றும் அவன் நினைக்கிறான். நீங்கள் கைமடியாக இருந்தது அவனுக்குத் தெரியுமா? அவனிடம் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. "அப்பா கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தார்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால் அது இன்னும் வம்பு. அப்பாவால் முடிந்தது, இந்தக் கைமடிப் பையனால் ஏன் முடியவில்லை என்றுதான் பிள்ளை கணக்குப் போடும். அதனால் மிச்சத்தையும் சொல்லுங்கள்: யார் நம்பி முதல் ஜாப் ஆர்டர் கொடுத்தார், எந்தச் சீட்டுப் பணம் நேரத்துக்கு வந்தது, உங்களோடு அதே அளவு உழைத்தும் இன்னும் மெஷினிலேயே இருப்பவர்கள் யார் யார்.

சொன்னால் மட்டும் போதாது. டெல்லியின் பெரிய தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் அங்கே படித்த வசதியான மாணவர்களை ஆராய்ந்தார், 2019இல் வெளியானது. ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களுக்கு ஈகைக் குணம் கூடியிருந்தது, ஏழை என்று ஒதுக்குவது குறைந்திருந்தது. சேர்ந்து உட்கார்ந்ததில் வந்த மாற்றம் அது. உங்கள் கம்பெனியில் அது நடக்காது. முதலாளி மகன் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவனை யாருக்கும் தெரியாத ஏதாவது பொது மைதானத்தில் ஆட விடுங்கள். உங்கள் காரில் போய் இறங்காமல் இருந்தால் நல்லது.

அப்புறம் அந்த அணி விஷயம். நீங்கள் பேசியதும் அவனுக்கு இடம் கிடைத்தது, சரி. அந்த இடத்தில் இருந்த பையன் எங்கே போனான்? அவனைப் பார்த்தும் யாரோ "ஒழுங்கா ஆடியிருந்தா" என்று சொல்லியிருப்பார்கள். மகனிடம் பேச்சை இங்கிருந்தே ஆரம்பிக்கலாம். செய்தது தப்பு என்று நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போது சொல்வது சுலபம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முகம் பார்க்காமல் பேசுவதுதான் வசதி. இடத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவன் யோசிக்கட்டும்.

மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் படுப்பான். ஒரு வாரம் தாண்டினால் எழுதுங்கள், நேரில் அழைத்து வாருங்கள். அதுவரை சாப்பாட்டை மூடி வையுங்கள். பள்ளிக்குப் போன் போடாதீர்கள்.