பொறியியல் படித்தவர் உயிரியலில் கணினி ஆய்வாளராக முடியுமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

கேட்டவர் இயந்திரப் பொறியியல் முடித்தவர். நிரல் எழுதத் தெரியும். உயிரியலைப் பள்ளியோடு விட்டுவிட்டார். மாற வழி இருக்கிறதா, மாறினால் பிழைப்பு ஓடுமா என்பது கேள்வி. நானும் அந்த வழியாக வந்தவன்தான். டர்பைன் தகடுகளைச் சுற்றிக் காற்று ஓடுவதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இதயத் தமனிகளில் ரத்தம் ஓடுவதைக் கணக்கிடுகிறேன். வழி இருக்கிறது, பிழைப்பும் ஓடும். சிரமம் மட்டும் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்காது.

உயிரியல் தெரியாதே என்ற தயக்கத்தை முதலில் விடுங்கள். இரண்டு துறைகளுக்கும் நடுவே சுவர் எழும்பியதே பிற்பாடுதான். குழாயில் திரவம் ஓடுவதற்கு நாம் மனப்பாடம் செய்த விதியைத் தந்த புவாசெய் ஒரு மருத்துவர். ரத்த ஓட்டத்தில் இருந்த ஆர்வம்தான் அவரை மெல்லிய கண்ணாடிக் குழாய்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு பொருள் இழுவிசைக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று சொல்லும் யங் குணகத்தைப் படித்தோமே, அந்த தாமஸ் யங்கும் மருத்துவர். 1808இல் இதயமும் தமனிகளும் இயங்கும் விதம் பற்றி ராயல் சொசைட்டியில் உரையாற்றியிருக்கிறார். ஒரு பொருள் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவதைச் சொல்லும் விரவல் விதியை 1855இல் எழுதிய அடால்ஃப் ஃபிக் உடலியங்கியல் அறிஞர். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளக்க வழி சொன்னவரும் அவரே. பொறியியல் பாடநூல்களில் இவர்களின் பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன, தொழில் காணாமல் போய்விட்டது.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இயற்பியல் படிக்கப் போய் உடலியங்கியலுக்கு மாறியவர். அவரும் ஆலன் ஹாட்ஜ்கினும் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை 1952இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்துக் கணினி கிடைக்கவில்லை. கைப்பிடியைச் சுழற்றிக் கணக்குப் போடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஹக்ஸ்லி வாரக்கணக்கில் உட்கார்ந்து விடை கண்டார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதே சமன்பாடுகளை 1960இல் இதயச் செல்லுக்கு ஏற்றபடி மாற்றிக் கணினியில் ஓட்டியவர் டெனிஸ் நோபிள். புதிய மருந்து ஒன்று இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்குமா என்று பார்க்க இன்று பயன்படும் கணினி மாதிரிகள் அந்தப் பரம்பரையில் வந்தவைதான்.

சரி, சிரமம் எங்கே? சமன்பாட்டில் இல்லை, அதில் போடும் எண்களில்தான் இருக்கிறது.

டர்பைனில் வடிவம் வரைபடத்தில் இருக்கும், உலோகத்தின் பண்பு அட்டவணையில் இருக்கும். உடலுக்கு வரைபடம் கிடையாது. இதயத் தமனியின் வடிவத்தை சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து நாமே கோடு போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தமனியின் உள்விட்டமோ 3 மில்லிமீட்டர்தான். விளிம்பு எங்கே என்ற தீர்மானத்தில் ஒரு புள்ளி பிசகினால் 3 என்பது 2.5 ஆகிவிடும். ஓட்டத்துக்கான தடை விட்டத்தின் நான்காம் படிக்குத் தலைகீழாக மாறும் என்று புவாசெய் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், தடை இருமடங்காகிவிடுகிறது. திரவ ஓட்டத்தை விவரிக்கும் நாவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டை எவ்வளவு நுட்பமாகத் தீர்த்தாலும் இந்தப் பிசகை அது திருத்தித் தராது.

அடுத்தது கிளைகளின் முடிவு. படத்தில் பெரிய தமனிகள் மட்டுமே தெரியும். ரத்த ஓட்டத்துக்குத் தடை பெரும்பாலும் படத்தில் அகப்படாத நுண்தமனிகளில்தான் இருக்கிறது. மாதிரியின் எல்லா முனைகளிலும் அழுத்தம் பூஜ்யம் என்று வைத்து ஓட்டினால் கணினி மறுபேச்சில்லாமல் விடை தரும். அழகான வண்ணப் படமும் வரும். ஆனால் எந்தக் கிளைக்கு எவ்வளவு ரத்தம் என்ற பங்கீடு தப்பாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஒரு சிறு சுற்றைப் போன்ற மாதிரியைப் பொருத்துகிறோம். தமனி விரிந்து ரத்தத்தைச் சற்றுத் தேக்கிப் பிறகு தள்ளுகிறது என்பது விண்ட்கெசல் கருத்து. 1899இல் ஓட்டோ ஃபிராங்க் கணித வடிவம் கொடுத்த அந்தக் கருத்தின் நீட்சி இது. பொருத்துவது எளிது. அந்தத் தடைக்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பதற்குத்தான் வருடங்கள் போகின்றன.

இதய மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை இப்படிப்பட்ட வண்ணப் படத்தைக் காட்டினேன். நிறங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஸ்கேனுக்கு முன்னால் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுத்தார்களா?" என்று கேட்டார். அந்த மருந்து தமனியை விரிக்கும். படம் தெளிவாக வருவதற்காகவே கொடுப்பார்கள். அப்படியானால் என் படத்தில் இருப்பது மருந்தால் விரிந்த தமனி. நோயாளி மாடிப்படி ஏறும்போது இருக்கும் தமனி அதுவல்ல. அடுத்த கேள்வி: "ரத்த அழுத்தம் எடுத்தபோது படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா?" இந்த வேலைக்கு வேண்டிய உயிரியல் என்று நான் சொல்வது இதைத்தான். அளவு எப்படி எடுக்கப்பட்டது, எடுக்கும்போது உடலுக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பாக்டீரியாவின் பெயர்களை உருப்போட வேண்டியதில்லை.

எனவே இரண்டாவது பட்டம் வாங்க ஓடாதீர்கள். உடலியங்கியலில் ஒரு நல்ல பாடநூலை ஊன்றிப் படியுங்கள். ஆய்வுக்கட்டுரைகளில் செய்முறைப் பகுதியை முதலில் வாசிக்கும் பழக்கம் வரட்டும். முடிவுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாய்ப்புக் கிடைத்தால் சில மாதங்கள் சோதனைக்கூடத்தில் உட்காருங்கள், ஒரு செல்லின் மின்னழுத்தத்தை அளப்பதற்குள் எத்தனை செல்கள் செத்துப்போகின்றன என்று கண்ணால் பார்க்கலாம். இன்னொரு பக்கம், உங்கள் கைத்தொழிலை விட்டுவிடாதீர்கள். பாய்ம இயக்கவியலோ, திண்மப் பொருள்களின் விசையியலோ, புள்ளியியலோ, ஏதாவது ஒன்றில் ஆழம் வேண்டும். இரண்டிலும் மேலோட்டமாகத் தெரிந்தவரை இரு தரப்பும் கூட்டத்துக்கு அழைக்கும், வேலைக்கு அழைக்காது.

இயந்திரக் கற்றல் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், கணினியில் புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். பிரமாதமான சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, ஒவ்வொரு வடிவமாகச் சேர்த்தவர்களின் உழைப்பு அது. அப்படிச் சீராகச் சேர்ந்த தரவு இருக்கும் துறைகள் உயிரியலில் மிகக் குறைவு. என் துறையில் இருநூறு நோயாளிகளின் ஒழுங்கான தரவு கிடைத்தாலே கொண்டாட்டம்தான்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி. பல்கலைக்கழகத்தில் உங்களை எடைபோட ஒரு குழு உட்காரும். பொறியாளர்கள் "இதில் புதிய கணக்கு முறை எங்கே?" என்பார்கள். உயிரியலாளர்கள் "இதனால் நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது?" என்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள், இரண்டுக்கும் ஒரே கட்டுரையில் பதில் சொல்வது அபூர்வம். பெரிய கூட்டு ஆய்வுகளில் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையின் நடுவில் எங்கோ சிக்கிக்கொள்ளும். ஆய்வு தொடங்கும் முன்பே பெயர் வரிசையைப் பேசி முடித்துவிடுவது நல்லது. கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மென்பொருள் இன்னொரு தலைவலி. முனைவர் பட்ட மாணவர் எழுதிய நிரல் அவர் போனதும் அநாதையாகிவிடும். அதைப் பராமரிக்கும் உழைப்பை எந்தக் குழுவும் மதிப்பெண்ணாக எண்ணுவதில்லை.

தொழில்துறையில் நிலைமை மேல் என்றே சொல்வேன். சி.டி. படத்தை வைத்து இதயத் தமனி அடைப்பின் தீவிரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் அனுமதி கொடுத்தது. மருத்துவச் சாதனங்களுக்கான கணினி மாதிரிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மதிப்பிடுவதற்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. 2018இல் ஒரு தரநிலையே வெளியிட்டிருக்கிறது. ஸ்டென்ட் (அடைபட்ட தமனியை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய்), செயற்கை வால்வு, மூட்டு, மருந்து, படிமவியல் மென்பொருள் என்று ஆள் தேவைப்படும் இடங்கள் நிறைய. அங்கே பாதி நாள் சரிபார்ப்பு ஆவணம் எழுதுவதில் கழியும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் விடை எத்தனை சதவீதம் பிசகலாம் என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லும் ஒழுக்கம் பல ஆய்வுக்கூடங்களில் நான் காணாதது.

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுகிறீர்கள் என்றால் வழிகாட்டியிடம் இவற்றைக் கேளுங்கள். தரவு எடுப்பவர் யார், அவர் இந்தத் திட்டத்தில் சம்பளம் பெறுகிறவரா, வாரம் ஒருமுறையாவது அவரைப் பார்க்க முடியுமா? "தரவு வந்துகொண்டிருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.