அடிபட்ட பருந்தைப் பராமரிக்க உதவ விரும்புகிறவருக்கு

கேள்வி: குளச்சல் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வசிக்கும் கல்லூரி மாணவி நான். இறக்கை ஒடிந்த கிருஷ்ணப் பருந்து ஒன்றை அண்மையில் வனத்துறையிடம் ஒப்படைத்தோம். இத்தகைய பறவைகளைப் பராமரிக்கும் இடத்தில் தன்னார்வலராக உதவ விரும்புகிறேன். அனுபவமில்லாத நான் என்ன செய்ய முடியும்? வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

பதில்: வீட்டில் வைக்கக் கூடாது. செம்பருந்து என்றும் அழைக்கப்படும் இப்பறவை 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அது கைக்குக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். நீங்கள் செய்தது முற்றிலும் சரி. தன்னார்வப் பணிக்கு நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கால்நடை மருத்துவரின் மேற்பார்வை இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

முதல் சில வாரங்கள் பறவையைத் தொடும் வேலையே உங்களுக்குத் தரப்படாமல் இருக்கலாம். அதைக் குறையாக எண்ணாதீர்கள். பருந்தின் கண்ணுக்கு மனிதர் அதைப் பிடிக்க வரும் பகை. நாம் அன்போடு தடவிக் கொடுப்பதும் பேச்சுக் கொடுப்பதும் அதற்கு அச்சத்தையே தரும், நலிந்த பறவை அந்த அச்சத்தினாலேயே இறந்துவிடவும் கூடும். ஆகவே கூண்டைக் கழுவுவது, இரை தயாரிப்பது, நாள்தோறும் எடையைக் குறித்து வைப்பது, மறைவில் நின்று கவனிப்பது ஆகியவையே உண்மையான பராமரிப்பு.

அவ்வாறு கவனிக்கும்போது பாதங்களைப் பார்க்கப் பழகுங்கள். என் கருத்தில் அதுவே முதல் பாடம். பறக்க முடியாத பருந்து, வழுவழுப்பான ஒரே கட்டையில் நாள் முழுவதும் நிற்கும்போது, உள்ளங்காலின் ஒரே இடத்தில் எடை அழுந்தி, தோல் மெலிந்து புண்ணாகி, கவனியாது விட்டால் சீழ் எலும்பு வரை இறங்கிவிடும். இறக்கை கூடிய பிறகும் காலை இழந்த பருந்தால் இரை பிடிக்க இயலாது. நம் ஊர்த் தும்புக் கயிற்றை வெவ்வேறு பருமனுள்ள கட்டைகளில் இறுகச் சுற்றிக் கொடுத்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். கம்பி வலைக் கூண்டும் வேண்டாம். அதில் மோதி முறியும் இறகுகள் அடுத்த இறகுதிர்வு வரை முளைக்காது என்பதால், விடுவிப்பு பல மாதங்கள் தள்ளிப்போகும்.

உணவாகச் சிறு மீன்களை முள்ளோடு முழுதாகக் கொடுக்க வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டும் தந்தால் சுண்ணாம்புச் சத்தும், நெடுநாள் உறைய வைத்த மீனையே தந்தால் தயமின் எனும் பி1 வைட்டமின் சத்தும் குறையும். சோறு, பால், கருவாடு அறவே ஆகாது. பட்டினியால் மெலிந்து வந்த பறவைக்கு உடனே இரை கொடுப்பது உயிருக்கே ஆபத்து. முதலில் நீர்ச்சத்தை மருத்துவர் ஈடுசெய்ய வேண்டும். நீங்களாக அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடக் கூடும்.

பருந்திடம் அஞ்ச வேண்டியது அலகைவிட நகங்களுக்கே. தடித்த தோல் கையுறை இல்லாமல் கூண்டுக்குள் கை நீட்டாதீர்கள்; பணியில் சேருமுன் தடுப்பூசி குறித்து உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.