உபுண்டுவை மேம்படுத்தியபின் திறக்க மறுக்கும் மென்பொருள்

கேள்வி: அலுவலகக் கணினியை உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பிலிருந்து 22.04க்கு மேம்படுத்தினோம். அதன்பின், முன்பு விலைக்கு வாங்கிய கணக்கு மென்பொருள், ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ என்ற கோப்பு இல்லை என்று கூறித் திறக்க மறுக்கிறது. ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’ கணினியில் இருக்கிறது. அதற்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கோப்பு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கத் தொகுப்பின் லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு. 20.04இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இருந்தது, 22.04இல் 3.0 வந்துவிட்டது. லைப்ரரிக் கோப்பின் பெயரில் கடைசியாக வரும் எண், அதை நம்பி உருவான மென்பொருள்களுக்குத் தரப்பட்ட வாக்கு: அந்த எண் மாறாதவரை, அதிலுள்ள ஃபங்ஷன்களை (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதிகளை) அழைக்கும் முறையும் தரவுகள் நினைவகத்தில் அமையும் விதமும் மாறா. வாக்கைக் காப்பாற்ற இயலாதபோதுதான் எண்ணை மாற்றுகிறார்கள். சிம்லிங்க் போட்டால் கோப்பு திறக்கும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் தன் ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு முத்திரை இட்டிருப்பதால், ‘ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0’ கிடைக்கவில்லை என்ற வேறொரு பிழையோடு மென்பொருள் நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லதே. முத்திரையில்லாத லைப்ரரிகளில் இதே வேலையைச் செய்தால், மென்பொருள் ஒழுங்காகத் தொடங்கி, கணக்கைப் பதிந்துகொண்டிருக்கும்போது நினைவகத்தில் தவறான இடத்தைப் படித்துச் சரியக்கூடும். காரணத்தைத் தேடிப் பிடிப்பதும் மிகக் கடினம்.

முதலில், டெர்மினலில் ‘எல்டிடி’ (ldd) கட்டளையை அந்த மென்பொருளின் கோப்புப் பெயரோடு இயக்குங்கள். அதற்குத் தேவையான லைப்ரரிகள் வரிசையாக வரும். இல்லாதவற்றின் எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்றிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மற்றொரு லைப்ரரியான லிப்கிரிப்டோவும் அந்த வரிசையில் இருக்க வாய்ப்பு அதிகம், லிப்எஸ்எஸ்எல்லும் அதுவும் ஒரே தொகுப்பில் வருபவை. இந்தப் பட்டியலை விற்பனையாளருக்கு அனுப்பி, 22.04க்கென உருவாக்கிய பதிப்பைக் கேளுங்கள். சரியான தீர்வு இதுதான்.

அது கிடைக்காவிட்டால், 20.04 கொண்ட டாக்கர் கண்டெய்னருக்குள் (கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்துவைத்த இயக்கச் சூழலுக்குள்) மென்பொருளை இயக்கலாம். பழைய லைப்ரரி அதற்குள்ளேயே இருக்கும், மற்ற மென்பொருள்களைத் தொடாது. 20.04இன் பழைய தொகுப்பை நேரடியாக நிறுவினாலும், பெயர்கள் வேறென்பதால் இரண்டும் மோதிக்கொள்ளாமல் இயங்கும். எனினும் 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவை ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. அப்படி நிறுவிய தொகுப்புக்கு 22.04இன் வழக்கமான புதுப்பிப்புகளில் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. மறையாக்கத்தைக் கவனிக்கும் லைப்ரரியில் இது சிறிய குறை அன்று. எனவே இவ்விரு வழிகளில் எதை எடுத்தாலும், புதிய பதிப்பு கைக்கு வரும்வரை அந்த மென்பொருளை இணையத்தில் திறந்துவிடாமல், அலுவலக வலையமைப்புக்குள்ளேயே நிறுத்துங்கள்.