ஆற்றோரத்து மர மாவாலை எப்படித் தீப்பிடிக்கும்?

“நீரால் ஓடும், மரத்தால் கட்டிய பழைய மாவாலைகள் எரிந்துபோனதாக வாசிக்கிறோமே, பக்கத்திலேயே ஆறு ஓட அது எப்படி?” என்பது கேள்வி.

நனைவது வெளிச் சக்கரம் மட்டும்தான். உள்ளே எல்லாம் காய்ந்த மரம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் நெல்லு மில்லுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும், தவிட்டுத் தூசு கண்ணிமையில்கூடப் படியும். மாத்தூசு இன்னும் பொல்லாதது. காற்றில் கலந்து பொறி பட்டால் வெடிக்கும். 1878இல் அமெரிக்காவின் மினியாபோலிசில், நீரால் ஓடிய வாஷ்பர்ன் மாவாலை (அது கற்கட்டடம்!) அப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

பொறி எங்கிருந்து வரும்? தானியம் தீர்ந்தால் அரைக்கும் கல்லோடு கல் உரசும். அதற்குத்தான் தானியப் பெட்டி காலியாகும்போது அடிக்க ஒரு மணி கட்டி வைப்பார்கள். கொழுப்புக் காய்ந்த அச்சும் சூடேறும். தூசுக்குள் விழுந்த கங்கு மெல்லக் கனன்று, ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் எரியத் தொடங்கும்.